விழுப்புரம் மாவட்ட இறப்புக் காரண ஆய்வும் வேந்தன் கஜலட்சுமியும்

வேந்தன் கஜலட்சுமி சென்னையைச் சேர்ந்த நோய்ப்பரவலியல் ஆய்வாளர். செஞ்சி, அனந்தபுரம் முதலிய ஊர்கள் அடங்கிய விழுப்புரம் மாவட்டத்திலும் சென்னை நகரிலும் 1990களில் இவர் நடத்திய இறப்புக் காரண ஆய்வுகள், புகைப்பழக்கத்துக்கும் காசநோய் இறப்புக்கும் உள்ள தொடர்பை உலகுக்குக் காட்டின.

பின்னணி

இந்தியாவில் பிறப்பு, இறப்புப் பதிவை 1969ஆம் ஆண்டுச் சட்டம் கட்டாயமாக்கியது. ஆனால், கிராமங்களில் பலர் வீட்டிலேயே இறந்தனர். மருத்துவர் சான்றளிக்கும் வாய்ப்பு குறைவு. எனவே, பதிவேட்டில் இறந்தவரின் பெயரும் வயதும் இருந்தாலும், இறப்புக்கான காரணம் தெளிவாக இருப்பதில்லை. எந்த நோய் எத்தனை பேரைக் கொல்கிறது என்று தெரியாமல் நோய்த்தடுப்புக்குத் திட்டமிட இயலாது.

கஜலட்சுமி முன்பு அடையாறு புற்றுநோய் நிலையத்தின் புற்றுநோய்ப் பதிவேட்டில் பணியாற்றியவர். அப்பதிவேட்டின் ஊழியர்கள் மருத்துவமனைகளுக்கு நேரில் சென்று நோயாளர் விவரங்களைத் திரட்டுவர். விடுபட்டவர்களைக் கண்டறிய இறப்புப் பதிவுகளோடும் ஒப்பிடுவர். தரவு தானாக வந்து சேராது, தேடிப்போக வேண்டும் என்ற இம்முறையே இவரது பிற்கால ஆய்வுகளிலும் தொடர்ந்தது.

வாய்மொழி உடற்கூறாய்வு

இறந்தவரின் குடும்பத்தாரிடம் பேசி இறப்புக் காரணத்தை அறியும் முறை வாய்மொழி உடற்கூறாய்வு எனப்படும். பயிற்சி பெற்ற களப்பணியாளர் வீட்டுக்குச் சென்று, கடைசி நாட்களில் இருமல், காய்ச்சல், மூச்சுத்திணறல், நெஞ்சுவலி இருந்தனவா, எவ்வளவு காலம் நீடித்தன, என்ன சிகிச்சை பெற்றார் என்று கேட்டு எழுதுவார். களப்பணியாளர் மருத்துவராக இருக்க வேண்டியதில்லை. அந்த அறிக்கையைப் படித்து மருத்துவர்கள் காரணத்தை முடிவு செய்வர். நடுத்தர வயது இறப்புகளில் இம்முறை நன்கு பயன்படுகிறது. முதியோர் இறப்புகளில் துல்லியம் குறையும்.

சென்னையில் 1995-97 ஆண்டுகளிலும் விழுப்புரம் மாவட்டக் கிராமப்புறத்தில் 1997-98 ஆண்டுகளிலும் நிகழ்ந்த இறப்புகள் ஆராயப்பட்டன. நகரில் 48,000, கிராமப்புறத்தில் 32,000 என மொத்தம் 80,000 வயதுவந்தோர் இறப்புகள் பற்றிய கட்டுரை 2004இல் வெளியானது.

பீடி, சிகரெட், காசநோய்

இத்தரவுகளைக் கொண்டு எழுதப்பட்ட முதன்மையான கட்டுரை 2003இல் 'லான்செட்' இதழில் வந்தது. ஆக்சுபோர்டு பல்கலைக்கழகத்தின் ரிச்சர்டு பீட்டோ, நரம்பியல் அறுவை மருத்துவர் டி. எஸ். கனகா, பிரபாத் ஜா ஆகியோர் இதன் இணை ஆசிரியர்கள். இறந்த 43,000 ஆண்களின் (நகரில் 27,000, கிராமத்தில் 16,000) புகைப்பழக்கம், 35,000 ஒப்பீட்டு ஆண்களின் பழக்கத்தோடு ஒப்பிடப்பட்டது.

நகரில் 25-69 வயதில் புகைத்தோரின் இறப்பு வீதம் புகைக்காதோரினதைப்போல் இரு மடங்காக இருந்தது. காசநோய் இறப்பில் இது ஏறத்தாழ 4.5 மடங்கு. மேலை நாடுகளில் புகையிலை என்றதும் நுரையீரல் புற்றுநோயே முதலில் பேசப்பட்டது. இங்கோ காசநோயும் இதய நோயும் முன்னின்றன. காசநோய்க் கிருமி பலரது உடலில் அடங்கியே இருக்கும். புகை அதை நோயாக வெளிப்படச் செய்கிறது என்பது ஆய்வாளர்களின் விளக்கம். கிராமங்களில் பரவலாக இருந்த பீடியும் சிகரெட்டைப் போலவே ஆபத்தானது எனத் தெரியவந்தது. இந்தியாவில் ஆண்களின் காசநோய் இறப்புகளில் பாதிக்குப் புகைப்பழக்கம் காரணம் என்றும், புகைப்பழக்கத்தால் ஆண்டுக்குச் சுமார் 7 இலட்சம் பேர் இறக்கின்றனர் என்றும் கட்டுரை மதிப்பிட்டது.

தாக்கம்

விழுப்புரம் தரவுகளிலிருந்து கிராமப்புறத் தற்கொலை இறப்புகள் பற்றிய கட்டுரையும் 2007இல் வெளிவந்தது. பின்னர், இந்தியத் தலைமைப் பதிவாளர் அலுவலகத்துடன் இணைந்து பிரபாத் ஜா முன்னெடுத்த 'பத்து இலட்சம் இறப்புகள் ஆய்வு' வாய்மொழி உடற்கூறாய்வை நாடெங்கும் பயன்படுத்தியது. அவ்வாய்வின் அடிப்படையில் 2008இல் வெளியான புகைப்பழக்கக் கட்டுரையிலும் கஜலட்சுமி இணை ஆசிரியராக இருந்தார். மருத்துவமனைக்கே செல்லாமல் இறந்தவர்களும் நாட்டின் சுகாதாரக் கணக்கில் இடம்பெற இம்முறை வழி செய்தது.