மிச்சிகன் ஏரியில் மே மாதம்

ஹெமிங்வேயின் 'தி எண்ட் ஆஃப் சம்திங்' சிறுகதையை நம்மில் பலர் ஒரு காதல் முறிவின் கதையாகவே வாசித்திருப்போம். 1925இல் வெளிவந்த 'இன் அவர் டைம்' தொகுப்பில் உள்ளது. நிக்கும் மார்ஜரியும் படகில் போகிறார்கள், தூண்டில் போடுகிறார்கள், கரையில் நெருப்பருகே அமர்கிறார்கள், உறவு முடிந்துவிடுகிறது. ஆனால் கதை தொடங்குவது அவர்களிடமிருந்து அல்ல, மூடப்பட்டுவிட்ட ஒரு மர ஆலையிலிருந்து. அதன் சிதிலத்தைக் கடந்துதான் படகு செல்கிறது. அவர்கள் தேடிப்போவது வானவில் டிரௌட் என்னும் மீனை. அந்த ஆலைக்கும் இந்த மீனுக்கும் உள்ள உறவைக் கதை சொல்வதில்லை, சொல்ல வேண்டியதுமில்லை. அந்தப் பகுதியின் நீர்நிலை வரலாற்றைப் படிக்கப் புகுந்தபோதுதான் அது நமக்குப் புலப்பட்டது.

கதை நிகழும் ஹார்ட்டன்ஸ் பே, சார்லவாய் ஏரியின் கரையில் இருக்கிறது. அந்த ஏரி ஒரு குறுகிய நீர்வழியால் மிச்சிகன் ஏரியுடன் இணைகிறது. மிச்சிகனை 'ஏரி' என்பதற்கே நமக்குத் தயக்கமாக இருக்கிறது. வடக்குத் தெற்காக ஏறத்தாழ 490 கிலோமீட்டர் நீளம், 281 மீட்டர் வரை ஆழம். அதன் கிழக்குக் கரையில் வந்து விழும் குளிர்ந்த, பரற்கற்கள் நிறைந்த ஆறுகளில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதிவரை வாழ்ந்த மீன் கிரேலிங். பாய் விரித்தாற்போன்ற முதுகுத் துடுப்பு கொண்டது. அந்த மீனின் பெயரில் ஓர் ஊரே அங்கு இருக்கிறது.

கிரேலிங் முட்டையிட்டது இளவேனிலில். மரம் வெட்டியவர்களுக்கு ஆறு தேவைப்பட்டதும் அதே இளவேனிலில்தான். குளிர்காலம் முழுதும் வெள்ளைப் பைன் மரங்களை வீழ்த்தி, பனிப்பாதைகளில் சறுக்குவண்டிகளில் இழுத்து வந்து, ஆற்றங்கரையில் மலைபோல் அடுக்கி வைப்பார்கள். பனி உருகி வெள்ளம் வரும்போது கட்டைகளை ஆற்றில் உருட்டிவிடுவார்கள். ஆயிரக்கணக்கான அடிமரங்கள் ஒன்றோடொன்று மோதியபடி ஆற்றின் அடித்தளத்தை உழுதுகொண்டு ஏரிக்கரை ஆலைகளை நோக்கிப் போகும். கற்களிடையே கிடந்த முட்டைகள் என்ன ஆகியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. நிழல் போனதால் நீர் சூடேறியது. மண் சரிந்து பரல்களை மூடியது. எஞ்சிய மீனைத் தூண்டில்காரர்கள் அளவின்றிப் பிடித்தார்கள். சிகாகோ உணவகங்களுக்கும் அது அனுப்பப்பட்டது. புதிதாகக் கொண்டுவந்து விடப்பட்ட பிற டிரௌட் இனங்களின் போட்டியும் சேர்ந்துகொண்டது. 1930களின் நடுவில் மிச்சிகன் மாநிலத்தில் கிரேலிங் முற்றிலும் மறைந்தது.

வெறுமையான ஆறுகளுக்கு வெளியிலிருந்து மீன்கள் வந்தன. வானவில் டிரௌட் 1870களில் கலிஃபோர்னியாவிலிருந்து வந்தது. பழுப்பு டிரௌட் ஜெர்மனியிலிருந்து முட்டையாக வந்து, 1884 ஏப்ரலில் பெர் மார்க்கெட் ஆற்றமைப்பில் குஞ்சாக விடப்பட்டது. ஆக, நிக்கும் மார்ஜரியும் தூண்டில் போட்டுக் காத்திருந்தது குடியேறி வந்த ஒரு மீனுக்காக. மரத் தொழிலின் எச்சமாக அந்தக் கதையில் நிற்பது சிதிலம் மட்டுமல்ல.

இன்று அந்த ஏரிக்கு மே மாதக் கடைசியில் செல்லும் தூண்டில்காரர் முதலில் பார்ப்பது வெப்பமானியைத்தான். நீர் மிகக் கனமாக இருப்பது 4 டிகிரி செல்சியஸில். கரையோர நீர் அதைத் தாண்டிச் சூடேறியிருக்கும். நடு ஏரி இன்னும் அதற்குக் கீழே குளிர்ந்திருக்கும். இரண்டும் சந்திக்கும் இடத்தில் கலந்த நீர் 4 டிகிரியை அடைந்து கீழே மூழ்குகிறது. கண்ணுக்குத் தெரியாத ஒரு சுவர் ஏரிக்குள் நிற்பதுபோல இது. ஆறுகள் கொண்டுவரும் சூடும் சத்தும் சுவருக்கு இப்பால் தேங்கி நிற்க, சிறுமீன்கள் அங்கே கூடுகின்றன. அவற்றைத் தேடிப் பெருமீன்கள் வருகின்றன. முதலில் சூடேறுவது தென்கோடி. ஆகவே சால்மன் வேட்டை அங்கே தொடங்கி வாரந்தோறும் வடக்கே நகர்கிறது. ஓடைகளில் முட்டையிட்டு முடித்த வானவில் டிரௌட்டுகள் அதே வாரங்களில் ஏரிக்குத் திரும்புகின்றன. காற்று ஒரு நாள் திசைமாறிக் கரையோரச் சூட்டு நீரை உள்ளே தள்ளிவிட்டால் போதும், நேற்று மீன் நிறைந்திருந்த இடத்தில் இன்று ஒன்றும் இராது.

இந்தச் சால்மனும் இவ்விடத்தது அல்ல. நயாகரா அருவியைச் சுற்றிச் செல்லும் வெல்லண்ட் கால்வாய் 1829இல் திறக்கப்பட்டது. அதன் வழியே மேலேரிகளுக்குள் நுழைந்த கடல் லாம்ப்ரே 1936இல் மிச்சிகன் ஏரியில் காணப்பட்டது. உறிஞ்சுவாயால் பெரிய மீன்களைக் கவ்விக் குருதியைக் குடிக்கும் உயிர். அதன் அறிவியல் பெயரின் முதற்பகுதிக்குக் 'கல் உறிஞ்சி' என்று பொருள். மே, ஜூன் மாதங்களில் ஓடைகளுக்குள் ஏறி, வாயாலேயே கற்களைத் தூக்கி அடுக்கிக் கூடுகட்டி முட்டையிடும். மேலேரிகளில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1.5 கோடி பவுண்டாக இருந்த ஏரி டிரௌட் பிடிப்பு, 1960களின் தொடக்கத்தில் 3 லட்சம் பவுண்டாகச் சுருங்கியது. ஆயிரக்கணக்கான வேதிப்பொருட்களைச் சோதித்து, லாம்ப்ரேயின் இளம்புழுக்களைக் கொல்லும் ஒன்றை வெர்னன் ஆப்பிள்கேட்டும் அவருடைய குழுவினரும் கண்டறிந்தனர். 1958 முதல் அது ஓடைகளில் கலக்கப்படுகிறது. நிறுத்தினால் என்ன ஆகும் என்பதைப் பெருந்தொற்று காட்டியது: 2020, 2021இல் பணி குறைந்தது, பின்னர் லாம்ப்ரே பெருகியது.

வேட்டையாடும் மீன்கள் இல்லாத ஏரியில் ஏல்வைஃப் என்னும் அட்லாண்டிக் சிறுமீன் பெருகிற்று. குளிர்ந்த ஆழத்திலிருந்து இளவேனில் முடிவில் கரைக்கு வரும் அது, வெப்ப மாற்றத்தைத் தாங்காதது. 1967இல் அவை பெருந்திரளாகச் செத்து ஒதுங்க, சிகாகோவின் கடற்கரை போன்ற மணல்வெளிகளை இயந்திரங்களால் வழிக்க வேண்டியிருந்தது. அதற்கு முந்தைய ஆண்டே, மிச்சிகன் மாநில மீன்வளத் தலைவர் ஹோவர்ட் டானர், ஒரிகனிலிருந்து பெற்ற கோஹோ சால்மனை வளர்த்து ஓடைகளில் விட்டிருந்தார். ஏல்வைஃபைத் தின்று அவை கொழுத்தன; படகுகளும் விடுதிகளும் பெருகின. தூண்டில்காரர்களுக்குரியதாக ஏரி மாறிப்போனது. ஆனால் அங்கே வலைவீசி வாழ்ந்த ஒடாவா, ஒஜிப்வே மக்கள் 1836 ஒப்பந்தத்தில் தம் மீன்பிடி உரிமையை விட்டுக்கொடுத்திருக்கவில்லை. 1979இல் நீதிபதி நோயல் ஃபாக்ஸ் அதை உறுதிசெய்து தீர்ப்பளித்தபோது படகுத்துறைகளில் எழுந்த வெறுப்பு அந்த மாநில வரலாற்றின் அழகான பக்கமல்ல.

இப்போது பிரச்சினை வேறு. 1997இல் மிச்சிகன் ஏரியில் காணப்பட்ட குவாகா மட்டி அதன் அடித்தளத்தைப் போர்வைபோல் மூடிவிட்டது. நீரை வடிகட்டி உண்பது அது. இளவேனிலில் பொங்கி எழும் மிதவைப்பாசி 2000களில் ஏரியின் தென்பகுதியில் ஏறக்குறைய இல்லாமலே போயிற்று. அந்த வாரங்களில்தான் ஒயிட்ஃபிஷ் குஞ்சுகள் முதல் இரையைத் தேடுகின்றன. பழங்குடி வலைஞர்களின் வாழ்வாதாரம் அந்த மீன். ஏல்வைஃபும் குறைந்தது. பக்கத்து ஹியூரான் ஏரியில் 2004 வாக்கில் அது சரிந்தபோது சினூக் சால்மனும் உடன் சரிந்தது. ஏரி டிரௌட்டோ தானாகவே இனம்பெருக்கத் தொடங்கியது. ஏல்வைஃபைத் தின்ற தாய்மீனின் முட்டையில் தயமின் சத்து குறைந்து குஞ்சுகள் சாகும் என்பதே அதற்கொரு காரணம். ஆக, சால்மனுக்கு உணவானதே ஏரி டிரௌட்டுக்கு நஞ்சு. இரண்டையும் ஒரே ஏரியில் செழிக்க வைக்க முடியுமா என்று கூட்டங்களில் இன்றும் வாதிடுகிறார்கள். சால்மன் பக்கம் பேசுவோரை எளிதில் பழிக்க நமக்கு மனமில்லை. இரண்டு தலைமுறைச் சிற்றூர்கள் அதை நம்பி வாழ்ந்திருக்கின்றன.

மே மாத ஏரி இப்போது கண்ணாடிபோல் தெளிந்திருக்கிறது. சுற்றுலாப் பயணிகள் அந்த நீலத்தைப் படம் எடுக்கிறார்கள். அது பட்டினியின் நிறம்.

2025 மே மாதத்தில் மானிஸ்டீ, மேப்பிள், போர்ட்மன் ஆகிய மூன்று ஆறுகளில், ஆற்றுநீர் ஊடே ஓடும் வாளிகளுக்குள் கிரேலிங் முட்டைகள் வைக்கப்பட்டன. அலாஸ்காவிலிருந்து வந்த வம்சம். மாநில அரசிடமிருந்து அவற்றைப் பெற்று ஆறுகளில் வைத்தவர்கள் ஒடாவா, ஒஜிப்வே மக்கள்தாம். பொரிந்த குஞ்சுகள் வாளியிலிருந்து வெளியேறிப் பரற்கற்களுக்கு இடையே புகுந்தன. மரக்கட்டைகள் உருண்டு போன அதே ஆறுகள். இப்போது அங்கே பழுப்பு டிரௌட் காத்திருக்கிறது.