ஒத்தும் சுருதிப் பெட்டியும்

ஸ்ரீமுஷ்ணம் பூவராகப் பெருமாள் மாசி மகத்துக்குக் கிள்ளைக் கடற்கரைவரை எழுந்தருளித் தீர்த்தவாரி கண்டருளும் இந்தச் சிதம்பரம் சீமையில், நாகஸ்வர வித்வானுக்குப் பக்கத்துணையாக நின்று, கன்னங்களில் தேக்கிய காற்றை வெளிவிட்டவாறே மூக்கால் மூச்சை இழுத்து, ஒரே ஸ்வரத்தை அறுபடாமல் காத்து நிற்பதையே வாழ்நாள் சாதகமாகக் கொண்ட ஒத்துக்காரர்கள், மேளக் கோஷ்டிகளில் ஒரு காலத்தில் இன்றியமையாதவர்களாக இருந்தார்கள். இன்று பல கோஷ்டிகளில் அவர்களுடைய ஸ்தானத்தை எலெக்ட்ரானிக் சுருதிப் பெட்டி வகிக்கிறது. மின்சாரத்தால் நாதத்தை எழுப்பும் கலை உலகில் வளர்ந்த சரித்திரத்தோடு சேர்த்துப் பார்த்தால்தான் இந்த மாறுதலின் தன்மை விளங்கும்.

லண்டனில் பி.பி.சி. வானொலி 1958-ல் நிறுவிய ரேடியோபோனிக் பட்டறையின் ஸ்தாபகர்களுள் ஒருவரான டாப்னி ஓரமும், பின்னர் அங்கே சேர்ந்த டெலியா டெர்பிஷயரும், செவி அதுவரை கேட்டறியாத ஒலிகளைச் சிருஷ்டிப்பதையே லட்சியமாகக் கொண்டார்கள். 1963-ல் ‘டாக்டர் ஹூ’ தொடரின் முகப்பிசையை, ரான் கிரெய்னர் எழுதித் தந்த ஸ்வரங்களைக் கொண்டு, ஒவ்வொரு ஸ்வரத்தையும் தனித்தனியே நாடாவில் பதிந்து, வெட்டி, ஒட்டி, டெர்பிஷயர் உருவாக்கினார். அப்போது அவர் கையில் சின்தஸைசர் என்ற வாத்தியமே இல்லை. பீட்டர் ஜினோவியெப், டிரிஸ்ட்ரம் கேரி, டேவிட் காக்கரெல் ஆகியோரின் முயற்சியால் வி.சி.எஸ்.3 என்னும் சிறிய சின்தஸைசர் இங்கிலாந்தில் வெளிவந்தது 1969-ல்தான்.

அதே 1969-ல் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில், அமெரிக்கரான டேவிட் டியூடரின் துணையோடு மூக் சின்தஸைசர் நிறுவப்பட்டு, கீதா சாராபாய் முதலியோர் அதில் அபூர்வமான பரிசோதனைகளை நடத்தினார்கள். ஆனால் அந்த ஒலிநாடாக்கள் வெகுகாலம் எவர் செவிக்கும் எட்டாமல் கிடந்தன. ஜனங்களைச் சென்றடைந்த வழி வேறு. 1954-ல் ‘நாகின்’ என்ற ஹிந்திப் படத்துக்காகக் கல்யாண்ஜி, கிளாவியோலின் என்னும் மின்வாத்தியத்தில் எழுப்பியது, பாமரரும் அறிந்த மகுடியின் நாதமே. புல்லாங்குழல் வித்வானும் பொறியாளருமான பெங்களூர் ராஜ் நாராயண், 1970-களில் மின்னணுச் சுற்றுகளிலிருந்து வருவித்ததும் தம்புராவின் பழைய நாதமே. மேனாட்டார் புதுமையை வேண்டிய யந்திரத்திடம் நம்மவர் நிலைபேற்றை வேண்டினார்கள். சுருதியைத் தாயாகப் போற்றும் ஸங்கீதத்துக்கு அது இயல்பான வேண்டுதலே.

மூச்சு வாங்காத அந்தப் பெட்டியை, தனியே சாதகம் செய்யும் எளிய மாணவனுக்கும் துணையாயிருப்பதால், நான் மனமாரப் போற்றுகிறேன். எனினும் ஒத்துக்காரர் காத்தது வெறும் ஸ்வரம் அன்று. வித்வானின் சீவாளி வெயிலிலும் பனியிலும் சிறிது இளகினாலும் இறுகினாலும், அதைக் காதால் உணர்ந்து இசைந்துபோகும் ஞானம் அவருக்கு இருந்தது. அந்த ஞானம் எந்தச் சுற்றிலும் அடங்காது. 1929 முதல் இசை போதிக்கும் அண்ணாமலை நகர்ப் பல்கலைக்கழகம் கூப்பிடு தூரத்தில் இருக்கையில், எஞ்சியுள்ள முதிய ஒத்துக்காரர்களின் மூச்சு முறையைப் பதிவு செய்து இளைஞர்களுக்குப் பயிற்றுவிப்பது இந்தச் சீமைக்கு உரிய கடமை.