பஞ்சாபி மொழியின் தொனிகள்

பஞ்சாபி மொழியின் தொனிகள் என்பவை அம்மொழியில் சொற்பொருளை வேறுபடுத்தும் குரல் ஏற்ற இறக்கங்கள் ஆகும். தாழ்தொனி, உயர்தொனி, சமதொனி என இவை மூவகைப்படும். எடுத்துக்காட்டாக, கோடா என்னும் சொல் தாழ்தொனியில் குதிரையையும், உயர்தொனியில் தொழுநோயாளியையும், சமதொனியில் சாட்டையையும் குறிக்கும். தமிழில் குரலின் ஏற்ற இறக்கம் வினா, வியப்பு போன்றவற்றை உணர்த்துமேயன்றி ஒரு சொல்லை வேறு சொல்லாக மாற்றுவதில்லை.

தோற்றம்

பஞ்சாபியின் முன்னைய நிலையில் தொனிகள் இருக்கவில்லை. வடமொழி வருக்க எழுத்துகளுள் நான்காவதாக வரும் மூச்சொலிகள் (க⁴, ப⁴ போன்றவை) மறைந்தபோது, அவற்றின் சுவடாகத் தொனிகள் தோன்றின. இம்மாற்றம் பொதுவாகப் பின்வருமாறு அமைந்தது.

* சொல்லின் முதலில் வந்த நான்காம் ஒலி, முதலாம் ஒலியாக மாறியது. அடுத்துள்ள உயிர் தாழ்தொனி பெற்றது. வீட்டைக் குறிக்கும் இந்திச் சொல் க⁴ர். பஞ்சாபியில் அது தாழ்தொனியுடன் கூடிய கர். "செய்" எனப் பொருள்படும் கர் சமதொனி உடையது.
* சொல்லின் இறுதியில் வந்த நான்காம் ஒலி, மூன்றாம் ஒலியாக மாறியது. முந்தைய உயிர் உயர்தொனி பெற்றது. லாப⁴ என்பது உயர்தொனியுடன் லாப³ என ஒலிக்கப்படுகிறது. இச்சொல்லைக் கடன்பெற்ற தமிழிலும் மூச்சொலி மறைந்தது. எனினும் தொனி தோன்றவில்லை.
* உயிருக்குப் பின்வந்த ஹகரமும் மறைந்து உயர்தொனியைத் தந்தது. தேநீரைக் குறிக்கும் சாஹ் என்பது உயர்தொனியுடன் சா என ஒலிக்கிறது.

மீட்டுருவாக்கச் சான்றுகள்

பழைய ஒலிகளை மீட்டுருவாக்க இருவகைச் சான்றுகள் உதவுகின்றன. முதலாவது, மூச்சொலிகளை இன்றும் பேணும் இந்தி போன்ற உறவுமொழிகளுடன் ஒப்பிடுதல். இரண்டாவது, குர்முகி எழுத்துமுறை. இதில் தொனிகளுக்கெனத் தனிக் குறிகள் இல்லை. நான்காம் வருக்க எழுத்துகள் ஐந்தும் பழைய இடங்களிலேயே எழுதப்படுகின்றன. குர்முகி 16ஆம் நூற்றாண்டில் குரு அங்கதரால் ஒழுங்குபடுத்தப்பட்டது. ஆயினும், எழுத்துக்கூட்டல் பழைய மரபைப் பின்பற்றக்கூடியது ஆதலால், அக்காலத்தில் தொனிகள் தோன்றியிருக்கவில்லை என்று இதைக்கொண்டு மட்டும் முடிவு செய்ய இயலாது.

கிரகாம் பெய்லி 1914இல் வெளியிட்ட பஞ்சாபி ஒலியியல் நூல் இத்தொனிகளை விளக்கிய தொடக்ககால நூல்களுள் ஒன்றாகும்.

பிற மொழிகளில்

வியட்நாமிய மொழியின் தொனிகளும் மறைந்த மெய்யொலிகளிலிருந்தே பிறந்தன என்பதை ஆந்திரே ஓதிரிகூர் 1954இல் விளக்கினார். யப்பானியத்தில் நிலைமை வேறு. ஏறத்தாழ கி.பி. 1100இல் தொகுக்கப்பட்ட ருயிஜூ மியோகிஷோ என்னும் அகராதியின் படிகளில் குரலின் உயர்வு தாழ்வு புள்ளிகளால் குறிக்கப்பட்டுள்ளது. இப்புள்ளிகளையும் இன்றைய யப்பானிய வட்டார வழக்குகளையும் ரியூக்கியூ மொழிகளையும் ஒப்பிட்டே அங்குப் பழைய தொனிகள் மீட்டுருவாக்கப்படுகின்றன. பஞ்சாபியிலோ, குரலின் உயர்வு தாழ்வைக் குறிக்காத எழுத்தே தொனியின் பிறப்புக்குச் சான்றாக நிற்கிறது.