ஜப்பானியத் துணைவினை ‘ஷிமாவு’: முடிவுப்பொருளும் வருத்தப்பொருளும் – ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

செயல் முற்றுப்பெற்றதையும் அது குறித்த வருத்தத்தையும் உணர்த்தும் ஜப்பானியத் துணைவினை ‘ஷிமாவு’ தோன்றி வளர்ந்த வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. தமிழின் ‘விடு’ என்னும் துணைவினையோடு இதற்குள்ள ஒப்புமை மொழியினவுறவுக்குச் சான்றாகாது என்பதை அவ்வரலாற்றின் வழி நிறுவுகிறது.

திறவுச்சொற்கள்: துணைவினை, ஷிமாவு, விடு, முற்றுப்பொருள், ஒப்பிலக்கணம்

முன்னுரை

‘பணப்பையைத் தொலைத்துவிட்டேன்’ என்பதை ஜப்பானியர் ‘சாய்ஃபு ஒ ஒதோஷிதெ ஷிமாத்தா’ என்பர். ‘ஒதோஷிதெ’ என்பது ‘தவறவிட்டு’ என்னும் வினையெச்சம் போன்றது. ‘ஷிமாத்தா’ என்பது ‘ஷிமாவு’ என்னும் வினையின் இறந்தகால வடிவம். எச்சமும் துணைவினையும் இரு மொழிகளிலும் ஒரே வரிசையில் நிற்கின்றன. தமிழும் ஜப்பானியமும் உறவுடையவை எனச் சுசுமு ஓனோ (1919–2008) வாதிட்டதை அறிந்த தமிழ் வாசகர் இதனையும் அவ்வுறவுக்குச் சான்றாகக் கொள்ளக்கூடும். ஓனோவின் கருதுகோளை வரலாற்று மொழியியலார் பெரும்பாலோர் ஏற்கவில்லை. எனினும், இவ்வொப்புமையைத் தனியே ஆராய்வது பயனுடையது.

பழைய முற்று வடிவங்கள்

ஹெய்யான் காலத்து (794–1185) ஜப்பானியத்தில் செயல் முற்றுப்பெற்றதை ‘ட்சு’, ‘நு’, ‘தாரி’, ‘ரி’ என்னும் ஒட்டுகள் உணர்த்தின. ‘ட்சு’ பெரும்பாலும் வினைமுதலின் விருப்பத்தால் நிகழும் செயல்களோடும், ‘நு’ பெரும்பாலும் தானே நிகழும் செயல்களோடும் வந்தன. ‘ட்சு’ எறிதலைக் குறித்த வினையிலிருந்தும், ‘நு’ அகன்று செல்லுதலைக் குறித்த வினையிலிருந்தும் பிறந்தவை என்று கருதப்படுகிறது.

முரோமாச்சிக் காலத்திற்குள் (1336–1573) ‘ட்சு’வும் ‘நு’வும் பேச்சுவழக்கிலிருந்து பெரிதும் நீங்கின. ‘தாரி’ குறுகி ‘தா’ ஆகி, இறந்தகாலம் முழுமைக்கும் உரியதாயிற்று. இதனால் ‘நடந்தது’ என்பதையும் ‘முற்றும் நடந்து முடிந்தது’ என்பதையும் வேறுபடுத்தும் வாய்ப்புக் குறைந்தது.

ஷிமாவுவின் வருகை

‘ஷிமாவு’ முதலில் தனிவினை. பொருளை எடுத்து வைத்தல், வேலையை முடித்தல், கடையை மூடுதல் ஆகியன அதன் பொருள்கள். எச்சத்தின் பின் வந்து ‘செய்து முடித்தல்’ எனப் பொருள்பட்ட இது, எடோ காலப் (1603–1868) பேச்சுமொழியில் துணைவினையாக நிலைபெற்றது. எச்சத்தோடு இணைந்து ‘ச்சிமாவு’, ‘ச்சாவு’ எனத் திரிந்ததும் துணைவினைகளுக்குரிய இயல்பே. எச்ச விகுதியாகிய ‘தெ’, வழக்கொழிந்த ‘ட்சு’விலிருந்து வந்தது என்பது பலர் ஏற்கும் கருத்து. அவ்வாறாயின், புதிய வடிவத்திற்குள் பழைய முற்றொட்டின் எச்சம் இன்றும் உள்ளது.

முடிவிலிருந்து வருத்தம்

முடிந்த செயல் மீட்க இயலாதது. விரும்பாத செயல் முடிந்திருப்பின் அம்மீளாமையே வருத்தமாகிறது. ‘தாபெதெ ஷிமாவோவு’ (சாப்பிட்டுவிடுவோம்) என்பதில் வருத்தம் இல்லை. பணப்பை தொலைந்தமையைச் சொல்லும்போது உண்டு. எனவே வருத்தம் சூழலால் கிளைத்த பொருள். எனினும் அது மிக வலுப்பெற்றுவிட்டது, ‘ஷிமாத்தா!’ என்று தனித்து வந்து, தமிழின் ‘அடடா!’ போல வியப்பிடைச்சொல்லாகவும் வழங்குகிறது.

மெய்ஜி கால நாவலாசிரியர் ஃபுதாபாதெய் ஷிமெய் (1864–1909) தம் புனைபெயரிலும் இத்துணைவினையைப் பதித்துள்ளார். ‘செத்துத் தொலை’ எனப் பொருள்படும் ‘குதாபாத்தெ ஷிமே’ என்னும் வசவின் ஒலியை ஒட்டியது அப்பெயர். பேச்சுமொழியை உரைநடைக்குக் கொணர்ந்த ‘உகிகுமோ’ நாவலின் முதற்பகுதி 1887இல் வெளிவந்தது. மூத்த எழுத்தாளர் ட்சுபோஉச்சி ஷோயோவின் பெயரைத் தாங்கி அந்நூலை வெளியிட நேர்ந்தமைக்காகத் தம்மையே இவ்வாறு திட்டிக்கொண்டதாக அவர் பிற்காலத்தில் எழுதினார்.

முடிவுரை

பொதுமூல மொழியிலிருந்து வந்த கூறு எனில், அது இரு மொழிகளின் பழைய நிலையிலும் தடம் காட்ட வேண்டும். ‘ஷிமாவு’ துணைவினையாகியது ஜப்பானிய மொழியின் பிற்கால நிகழ்வு. ஆகவே ‘விடு’வோடு அதற்குள்ள ஒப்புமை மரபுவழிப்பட்டதன்று. விடுதல், போதல், எறிதல், எடுத்து வைத்தல் போன்ற வினைகள் முற்றுப்பொருளுக்கு நகர்வது உறவற்ற மொழிகளிலும் நிகழக்கூடியது. ஓனோவின் கருதுகோள் முழுவதையும் இவ்வொரு சான்று தீர்த்துவிடாது. ஆயினும், இன்றைய வடிவங்களை அருகருகே வைப்பதற்கு முன் ஒவ்வொன்றின் வயதையும் அறிதல் ஒப்பிலக்கண ஆய்வின் முதற்கடமை என்பதை இது தெளிவாக்குகிறது.