மனைப்படப்பு

பத்துப்பாட்டுள் ஒன்றாகிய பெரும்பாணாற்றுப்படையில், கச்சி நோக்கிச் செல்லும் பாணன் வழியில் எந்தெந்தக் குடியில் என்னென்ன உணவு பெறுவான் என்பதைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லிச் செல்கின்றார். எயினர் குரம்பையில் புல்லரிசிச் சோறு; ஆயர் சேரியில் பாலொடு தினை; முல்லைநில உழவரிடத்தில் வரகுச் சோற்றோடு அவரைப் புழுக்கு; மருதத்தில் நெற்சோறு. இவ்வரிசையில் ஓரிடம் மட்டும் வேறுபட்டு நிற்கின்றது. தென்னையின் வாடிய மடலால் வேய்ந்து, முற்றத்தில் மஞ்சள் விளைய, மணம் கமழும் படப்பை சூழத் தனித்திருக்கும் தண்டலை உழவரின் மனை அது. அங்கே விருந்தாகக் கிடைப்பவை பலாச்சுளை, வாழைப்பழம், பனைநுங்கு முதலியன. இனிப்புத் தெவிட்டினால் முற்றிய சேம்பங்கிழங்கு உண்டு. தானியம் ஒன்றும் இல்லை. வந்தவன் பசியை மனையைச் சூழ்ந்த நிலமே தீர்த்து வைக்கின்றது.

படப்பை என்னும் இச்சொல் பின்னாளில் பேச்சிலிருந்து விலகிப் போயிற்று. தென்மாவட்டங்களில் படப்பு என்றால் வைக்கோற்போர். சென்னைக்கு அருகே அஃது ஓர் ஊரின் பெயர். வீட்டுத் தோட்டத்துக்குக் கொல்லை, புழக்கடை, புறக்கடை என்னும் சொற்கள் நிலைத்தன. எல்லாமே வீட்டின் முகத்தைக் குறிக்காமல் முதுகைக் குறிப்பவை. வரலாறு எழுதியவர்கள் பெரும்பாலும் முன்வாசல் வழியே வந்து, திண்ணையிலேயே அமர்ந்து திரும்பிவிட்டார்கள் என்று சொல்லத் தோன்றுகின்றது.

இனி, அதே சங்கப் பாடல்களில் வேறு இரண்டு இடங்களைக் காண்போம். நல்லூர் நத்தத்தனாரின் சிறுபாணாற்றுப்படையில் பசியால் மெலிந்த கிணைமகள் ஒருத்தி, குப்பையில் முளைத்த வேளைக் கீரையை நகத்தால் கிள்ளி வந்து, உப்பும் இன்றி வேகவைக்கின்றாள். அயலார் கண்டு புறம் பேசுவர் என நாணி, கதவை அடைத்துவிட்டுச் சுற்றத்தோடு உண்கின்றாள். புறநானூற்று 159-ஆம் பாடலில் குமணனிடம் பரிசில் வேண்டி நிற்கும் பெருஞ்சித்திரனார் தம் இல்லாளின் நிலையைச் சொல்கின்றார். அவளும் குப்பைக் கீரையையே கொய்கின்றாள், உப்பில்லை, மோரில்லை. அப்புலவர் சொல்லும் ஒரு நுட்பம் உரையாசிரியர் துணையோடு நின்று நோக்கத்தக்கது. அவள் பறிப்பது முன்பு கொய்த இடத்திலேயே மறுபடியும் கிளைத்த இளந்தளிர். ஒரு சொற்றொடரில், அக்குடும்பம் நேற்றும் இதையே உண்டது என்பதும், நாளையும் இதையே உண்ணும் என்பதும் அடங்கிவிடுகின்றன. வேரோடு பிடுங்காமல் நுனி கிள்ளினால் மீண்டும் தளிர்க்கும் என்ற தோட்டக்காரியின் அறிவும் அதற்குள் இருக்கின்றது.

தண்டலை உழவரின் படப்பைக்கும் இவ்விரு பெண்டிரின் குப்பைமேட்டுக்கும் இடையே உள்ளதுதான் தமிழகத்து வீட்டுத் தோட்டத்தின் வரலாறு. விதை, நீர், எரு ஆகியவற்றினும் முதலாவதாக ஒரு கேள்வி இதில் உண்டு. காலூன்றி நிற்கத் தனக்கென்று மண் உடையவர் யார்?

சோழர்காலச் செப்பேடுகள் இக்கேள்விக்கு ஒரு பக்க விடை தருகின்றன. ஓர் ஊரைத் தானமாக அளிக்கும்போது அதனுள் அடங்கும் அனைத்தையும் எழுத்தர் அடுக்கிச் சொல்வது மரபு. மனையும் மனைப்படப்பும், மன்றும், கன்று மேயும் பாழும், குளமும், கேணியும், புற்றும் எனத் தொடரும் அந்த அடுக்கு, உடும்பு ஓடி ஆமை தவழ்ந்த நிலம் எல்லாவற்றையும் வளைத்துக்கொண்டே நிற்கும். அதே ஆவணங்கள், தானம் பெற்றோர் எவற்றை நடலாம் என்றும் உரிமை வழங்கும். தமனகம், மருவு, இருவேலி, செண்பகம், செங்கழுநீர், மா, பலா, தெங்கு, கமுகு ஆகியன அப்பட்டியலில் வரும். இவற்றை இடவும் நடவும் அரசின் இசைவு வேண்டியிருந்தது என்பது இதனால் பெறப்படும். கீரைக்கும் அவரைக்கும் சுரைக்கும் அப்பட்டியலில் இடமில்லை. மன்னன் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது கொல்லைக் காய். அவ்வாறு சிறியதாக இருந்ததே அதற்குக் காவலுமாயிற்று.

ஆண்டு முழுவதும் அடுப்புக்குக் காய் தருவது எளிய செயல் அன்று. ஆடியில் பெய்யும் முதல் மழைக்கு அவரை, சுரை, புடல், பீர்க்கு, பாகல் ஆகியவற்றை ஊன்றினால் புரட்டாசிக்குள் சுரையும் பீர்க்கும் காய்க்கத் தொடங்கும். பழைய நாட்டு அவரை அவசரப்படாது. பகற்பொழுது குறுகினாலன்றி அது பூப்பதில்லை. கார்த்திகைப் பனியில் பூவெடுத்து மாசி வரை கொத்துக் கொத்தாகக் காய்க்கும். சித்திரை, வைகாசியில் புதைத்த சேனை தைக்குத்தான் தோண்டத் தகும். முருங்கை மழைக்காலத்தில் இலையாகவே நின்று, வெயில் ஏறும்போது காயாகும். அடைமழை மாதங்களில் பூவெல்லாம் உதிர்ந்து காய் அழுகும். அப்போது சேம்பும் பருப்பும் உறியில் தொங்கும் பூசணியும் கைகொடுக்கும். கோடையின் வறட்சிக்கோ சுண்டை, மணத்தக்காளி, கொத்தவரை, மிதிபாகல் வற்றல்கள் பானைகளில் காத்திருக்கும். பருவம் எதையும் சாராமல் நிற்பது வாழை ஒன்றே. இலை, பூ, தண்டு, காய், பழம் என அது தராத பகுதி குறைவு.

இத்தோட்டத்திற்குத் தனி நீர் பாய்ச்சியவர் அரியர். அரிசி கழுவிய நீரும் குளித்த நீரும் ஓடிச் சேரும் இடத்தில் வாழையும் சேம்பும் நின்றன. அடுப்புச் சாம்பல் அவரையில் அடையும் அசுவினிக்கு மருந்தாயிற்று. குப்பைக்குழியின் விளிம்பில் பறங்கி தானே முளைத்தது. வேலியில் கோவையும் தூதுவளையும் பிரண்டையும் முடக்கத்தானும் படர்ந்தன. சுரைக்கொடிக்குக் கூரையே பந்தல். மிச்சத்தில் வளர்ந்து, மிச்சமான இடத்தில் படர்ந்து நின்ற விளைச்சல் இது. உலர்ந்த சுரைக்குடுக்கையில் சாம்பலோடு கலந்த விதை அடுப்படிப் பரணில் இருந்தது. அவ்விதையைக் காத்தவர்களும் மாற்றிக்கொண்டவர்களும் பெண்கள். ஆதலின் கல்லிலும் செம்பிலும் அதற்குக் கணக்கில்லை.

நாட்டுக் காய் என்று இன்று பெருமையாகக் கூறப்படுவனவற்றையும் சற்று உசாவிப் பார்க்கவேண்டும். பொங்கலன்று பல இல்லங்களில் பறங்கிக்காயும் சர்க்கரைவள்ளியும் இல்லாமல் கூட்டு இல்லை. இரண்டுமே அமெரிக்கக் கண்டத்துக்கு உரியவை. பறங்கி என்னும் பெயரே கடல் கடந்து வந்தவரைச் சுட்டி நிற்கின்றது. போர்ச்சுகீசியர் வருகைக்குப் பின்னரே மிளகாய் இந்நாட்டில் பரவிற்று. அதுவரை உறைப்புக்கு மிளகே முதன்மை. இராசராசன் காலத்துத் தஞ்சைக் கல்வெட்டுகள் இறைவனின் கறியமுதுக்கு மிளகைத்தான் கணக்கிடுகின்றன. புதிதாய் வந்த காயை மக்கள் மிளகின் பெயராலேயே மிளகாய் என்று அழைத்துத் தம்முடையதாக்கிக் கொண்டனர். தக்காளியின் கதை இன்னும் சுவையானது. அப்பெயர் முன்பு இந்நாட்டுச் சிறு செடிக்கு உரியது. சீமைத்தக்காளி வந்து சேர்ந்து, நாளடைவில் அடையை உதறிவிட்டுப் பெயரைத் தானே எடுத்துக்கொண்டது. பழைய உரிமையாளருக்கு மணத்தக்காளி என்னும் அடையோடு கூடிய பெயரே மிஞ்சிற்று. திதி நாட்களில் மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு, முட்டைக்கோசு ஆகியவற்றை விலக்கிச் சமைக்கும் குடும்பங்கள் பல உண்டு. கடல்வழி வாணிகத்திற்கு முந்திய கொல்லையின் பட்டியல் ஒன்று அங்கே ஏறத்தாழ அப்படியே காக்கப்பட்டுள்ளது எனலாம். ஏறத்தாழ என்றது, சில இல்லங்களில் சர்க்கரைவள்ளி மட்டும் எவர் கண்ணிலும் படாமல் உள்ளே நுழைந்துவிட்டதனால்!

கொல்லைக் காயின் மதிப்பு என்ன என்பது அரசாங்கத் தாள்களில் ஒரு வழக்காகவே எழுந்த காலம் ஒன்று உண்டு. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை அழித்த தாதுவருடப் பஞ்சம் அது. 1877-இல் இந்திய அரசின் சார்பில் வந்த சர் ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலையில் மண் சுமப்பவனுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியத்தின் விலையும் சிறிது சில்லறையும் போதும் என்று கூலியைக் குறைத்தார். சென்னை மாகாணச் சுகாதார ஆணையராக இருந்த கார்னிஷ் அதனை எதிர்த்தார். உழைக்கும் உடலுக்கு ஒன்றரைப் பவுண்டு தானியமேனும் வேண்டும், அதனோடு பருப்பும் காய்கறியும் சேரவேண்டும் என்பது அவர் வாதம். மனிதன் தானியத்தால் மட்டும் உயிர்தரிப்பவன் என்ற கணக்கில் இருந்த பிழையை அவர் சுட்டினார். பின்னர் கூலி சற்று உயர்த்தப்பட்டது. ஆயினும் அதற்குள் எண்ணற்றோர் மாண்டனர். ஊரைவிட்டு முகாமுக்கு நடந்தவன் தன் கொல்லையையும் விட்டுவிட்டே நடந்தான் என்பதை எண்ணிப் பார்த்தால், அவ்வாதத்தின் கனம் விளங்கும். பருப்பையேனும் அரசு அளந்து கொடுக்கக் கூடும். கொய்த இடத்தில் மறுபடி துளிர்க்கும் கீரையை எந்தப் பண்டகசாலையும் கொடுக்க இயலாது.

அடுத்த நூற்றாண்டில் திருவிதாங்கூர் இதற்கு மாறான ஒரு காட்சியைத் தந்தது. பிரேசில் நாட்டிலிருந்து வந்த மரவள்ளியை 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மன்னர் ஊக்கி வளர்த்தார். நாஞ்சில்நாட்டார் அதனை மரச்சீனி என்பர். கழிவான மேட்டு மண்ணிலும் வளரும். குச்சியை நட்டாலே போதும். தேவைப்படும் வரை மண்ணுக்குள்ளேயே விட்டுவைக்கலாம். சில வகைகளில் உள்ள நச்சைப் போக்க, வேகவைத்த நீரை வடித்துக் கொட்டவேண்டும் என்பதையும் அடுக்களைகள் கற்றுக்கொண்டன. 1942-இல் ராங்கூன் ஜப்பானியர் வசமாயிற்று. பர்மா அரிசியை நம்பியிருந்த அந்நாட்டிற்குக் கப்பல் வருவது நின்றது. அரிசிச்சோறு அரிதான அந்நாட்களில் நாஞ்சில்நாடு உள்ளிட்ட பகுதிகளில் எளியோர் வயிற்றை நிரப்பியது பெரிதும் வீட்டைச் சுற்றி நின்ற மரச்சீனியே.

எனினும் வீட்டைச் சுற்றி மண் இருந்தோர்க்கே அது வாய்த்தது. தஞ்சைத் தரணியில் பண்ணையாளின் குடிசை மிராசுதாரின் நிலத்தில் நின்றது. நிலமுடையவன் வெகுண்டால் குடிசையோடு வெளியேற வேண்டியதே. அடுத்த ஆண்டு இவ்விடத்தில் இருப்போம் என்ற உறுதி இல்லாதவன் தென்னங்கன்றை எதற்கு நடுவான்? குடியிருக்கும் மனையை அதில் வாழ்வோர்க்கே உரிமையாக்கும் சட்டம் தமிழ்நாட்டில் 1971-ஆம் ஆண்டில்தான் வந்தது. உழுபவனுக்கு நிலம் என்ற முழக்கம் பெற்ற புகழை இச்சிறு சட்டம் பெறவில்லை. ஆனால் சோழர் செப்பேடு மேலோர்க்கு வழங்கிய மனைப்படப்பு, கிணைமகளின் வழிவந்தோர்க்கும் எழுத்தில் உரியதானது இதனால்தான்.

பாரதியாரும் காணி நிலம் கேட்டார். கேணியும் பத்துப் பன்னிரண்டு தென்னையும் நிலவொளியும் குயிலோசையும் அவர் பட்டியலில் உள்ளன, கத்தரிப்பாத்தி இல்லை. கவிஞர்க்குக் குறை கூறுவதன்று இது. கத்தரிச் செடி அவர் காலத்துப் புழக்கடைகளில் கேட்காமலே நின்றது.

அது கேட்டாலும் நில்லாத காலம் மெல்ல வந்தது. கோவைக் கலெக்டராயிருந்த ஜான் சலிவன் 1820-களில் நீலகிரியில் ஐரோப்பியக் காய்களைப் பயிரிடச் செய்தார். மலைரயில் 1899-இல் குன்னூரையும் 1908-இல் உதகையையும் எட்டியது. கோசும் காரட்டும் பீன்சும் சமவெளிக்கு இறங்கி, இங்கிலீஷ் காய் என்னும் பெயரோடு விருந்துகளில் ஏறின. நாட்டுக்காய் நாள்தோறும் உண்பதாயிற்று. சென்னையில் நெடுங்காலம் கொத்தவால்சாவடியில் நடந்த மொத்த வாணிகம் 1996-இல் கோயம்பேட்டுக்குப் பெயர்ந்தது. எல்லாக் காயும் எல்லா மாதத்திலும் கிடைக்கும்போது, கார்த்திகை வரை காத்திருக்கச் சொல்லும் அவரைக்கு யார் பந்தல் போடுவர்? கூரை போய்த் தளம் வந்தது. சுரைக்குப் படர இடமில்லை. வேலி போய் மதில் வந்தது; தூதுவளைக்குப் பற்ற இடமில்லை. கழுநீர் குழாய்க்குள் மறைந்தது. வாழை முதலில் வாடியது.

அடுக்குமாடி வீடுகளின் மொட்டைமாடியில் இப்போது பைகளிலும் தொட்டிகளிலும் கீரையும் தக்காளியும் மீண்டும் முளைக்கின்றன. தேங்காய்நார்க் கழிவும் மண்புழு உரமும் விலைக்கு வாங்கப்படுகின்றன. விதை காகித உறையில் வருகின்றது. கீழே தெருவில், அதே வீட்டின் காய்த்தோலையும் பழச்சக்கையையும் மாநகராட்சி வண்டி காலைதோறும் ஏற்றிச் செல்கின்றது.