தமிழ்நாட்டில் நெகிழித் தடையும் மக்கள் மனநிலையும்

ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியப்படும் நெகிழிப் பொருள்களுக்குத் தமிழ்நாட்டில் 2019 சனவரி 1 முதல் தடை நடைமுறையில் உள்ளது. தடையின் நோக்கத்தைப் பலரும் ஏற்றனர். அதன் சுமை யார்மீது விழுகிறது என்பதிலேயே கருத்து வேறுபாடு எழுந்தது.

பின்னணி

நெகிழிப் பைகள் பரவும் முன் மளிகைப் பொருள்கள் செய்தித்தாளில் பொட்டலமாகக் கட்டப்பட்டன. எண்ணெய் வாங்கச் செல்வோர் தூக்குச்சட்டி கொண்டு சென்றனர். திருமண வீடுகளில் தாம்பூலம் மஞ்சள் துணிப்பையில் வழங்கப்பட்டது. கடைகள் நெகிழிப் பையை இலவசமாகத் தரத் தொடங்கியதும் வீட்டிலிருந்து பை எடுத்துச் செல்லும் வழக்கம் குறைந்தது. 'மஞ்சப்பை' என்பது நாட்டுப்புறத்தாரைக் கேலி செய்யும் சொல்லாகவும் ஆனது.

2000-களின் தொடக்கத்திலேயே நீலகிரி மாவட்டத்தில் நெகிழிப் பைகள் தடை செய்யப்பட்டன. மாநிலம் முழுவதற்குமாக 2002-இல் சட்டமன்றத்தில் கொண்டுவரப்பட்ட சட்டமுன்வரைவு சட்டமாகவில்லை.

தடையும் எதிர்வினையும்

2018 சூன் 5 அன்று அப்போதைய முதலமைச்சர் எடப்பாடி க. பழனிசாமி சட்டமன்றத்தில் தடையை அறிவித்தார். கைப்பைகள், உணவு கட்டும் தாள்கள், குவளைகள், உறிஞ்சு குழல்கள், தண்ணீர்ப் பொட்டலங்கள் உள்ளிட்ட 14 வகைப் பொருள்கள் இதில் அடங்கின. பால், தயிர், எண்ணெய், மருந்து ஆகியவற்றின் உறைகளுக்கு விலக்கு அளிக்கப்பட்டது.

தடை தொடங்கியபோது உணவகங்களுக்குப் பாத்திரம் கொண்டுசெல்வது மீண்டும் வழக்கத்துக்கு வந்தது. சில உணவகங்கள் அதற்குத் தள்ளுபடியும் அளித்தன. வாழை இலைக்கும் துணிப்பைக்கும் தேவை கூடியது. ஆனால் பூ, காய்கறி விற்கும் சிறு வணிகர்களுக்கு மாற்றுப் பைகளின் விலை சுமையானது. ஆலைகளிலேயே உறையிடப்படும் பொருள்களுக்கும் விலக்கு இருந்ததால், பெருநிறுவனங்களின் நொறுக்குத்தீனி உறைகள் தப்பின, சிறுகடைப் பைகளே பிடிபட்டன என்ற குறை எழுந்தது. நெகிழி உற்பத்தியாளர்கள் நீதிமன்றம் சென்றனர். 2019 சூலையில் சென்னை உயர் நீதிமன்றம் தடை செல்லும் என்று தீர்ப்பளித்தது. ஆலை உறைகளுக்கான விலக்கை அரசு 2020 சூனில் விலக்கிக்கொண்டது.

மீண்டும் மஞ்சப்பை

தண்டத்தொகை வணிகரைக் கட்டுப்படுத்தினாலும் வாங்குவோரின் பழக்கத்தை மாற்றப் போதவில்லை. 2021 திசம்பர் 23 அன்று முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தைத் தொடங்கினார். 2022-இல் கோயம்பேடு சந்தையில் 10 ரூபாய்க்குத் துணிப்பை தரும் தானியங்கி எந்திரம் நிறுவப்பட்டது. அதே ஆண்டு சூலை 1 முதல் குறிப்பிட்ட சில நெகிழிப் பொருள்களுக்கு இந்தியா முழுவதும் தடை வந்தது.

சந்தைகளிலும் சாலையோரக் கடைகளிலும் மெல்லிய பைகள் இன்றும் புழங்குகின்றன. எனினும் ஒருகாலத்தில் கேலிக்குள்ளான துணிப்பை, இன்று அரசு இயக்கமொன்றின் அடையாளமாக உள்ளது.