பலூன்களால் மின்தொடர்வண்டிச் சேவைக்கு ஏற்படும் தடை

கைநழுவிப் பறக்கும் ஹீலியம் பலூன்கள் தொடர்வண்டிப் பாதையின் மேல்நிலை மின்கம்பிகளில் சிக்குவதால் மின்சாரம் துண்டிக்கப்பட்டு, வண்டிகள் வழியில் நிற்க நேரிடுவதுண்டு. ஐக்கிய இராச்சியத்தில் இருப்புப்பாதைகளைப் பராமரிக்கும் நெட்வொர்க் ரெயில் நிறுவனம், நிலையங்களில் இவ்வகைப் பலூன்களைக் கவனமாகக் கையாளுமாறு பயணிகளைக் கேட்டுக்கொண்டு வந்துள்ளது.

காரணம்

சாதாரண ரப்பர் பலூன் மின்சாரத்தை எளிதில் கடத்தாது. அதிலுள்ள ஹீலியமும் விரைவில் கசிந்துவிடும். விழாக்களில் விற்கப்படும் பளபளப்பான பலூன்கள் வேறு வகையானவை. இவை நைலான் அல்லது பாலியெஸ்டர் படலத்தின் மீது மிக மெல்லிய அலுமினியம் பூசப்பட்டுச் செய்யப்படுபவை. இவற்றில் வாயு எளிதில் கசியாததால் பல நாட்கள் மிதக்கக்கூடியவை. அலுமினியம் ஒரு நல்ல மின்கடத்தி.

பிரித்தானியாவின் மேல்நிலை மின்கம்பிகள் பெரும்பாலும் 25,000 வோல்ட் மாறுதிசை மின்னோட்டம் கொண்டவை. கம்பிக்கும், நிலத்துடன் இணைந்துள்ள தூண், பாலம் முதலியவற்றுக்கும் இடையிலுள்ள காற்றே அங்கு மின்காப்பாக அமைகிறது. சில பாலங்களின் அடியில் இந்த இடைவெளி 30 செ.மீ.க்கும் குறைவு. உலோகப் பூச்சுள்ள பலூன் இவ்விடைவெளியில் புகுந்தால் குறுக்குச்சுற்று உண்டாகும். மெல்லிய அலுமினியப் பூச்சு நொடிப்பொழுதில் எரிந்துபோனாலும், அயனியாக்கம் அடைந்த காற்றின் வழியே மின்வில் தொடரக்கூடும்.

விளைவுகள்

குறுக்குச்சுற்று ஏற்பட்டவுடன் துணைமின்நிலையத்திலுள்ள சுற்றுமுறிப்பான் தானாகவே மின்சாரத்தைத் துண்டிக்கும். அந்த மின்பிரிவிலுள்ள வண்டிகள் அனைத்தும் இழுவைத்திறனை இழக்கும். பலூன் முழுதும் எரிந்துவிட்டால் மின்சாரத்தை விரைவில் மீண்டும் வழங்கலாம். பலூனோ அதன் நாடாவோ கம்பியில் சுற்றிக்கொண்டால், மின்சாரத்தை நிறுத்தி, கம்பியை நிலத்துடன் இணைத்த பின்னரே பணியாளர் அதை அகற்ற முடியும். மின்வில்லின் வெப்பத்தால் கம்பி அறுந்தால் சீரமைக்க மேலும் நேரமாகும். வண்டியின் கூரைமீது கம்பியிலிருந்து மின்சாரம் பெறும் பான்டோகிராஃப் கருவியும் சேதமடையலாம்.

சிக்கிய பலூனைக் குடை, கழி போன்றவற்றால் எடுக்க முயல்வது உயிருக்கு ஆபத்தானது. உயர் மின்னழுத்தத்தில் கம்பியைத் தொடாமலேயே, அதை நெருங்கும் பொருள் மீது மின்சாரம் பாயக்கூடும். நிலைய ஊழியருக்குத் தெரிவிப்பதே பாதுகாப்பான வழியாகும்.

தடுப்பு நடவடிக்கைகள்

ஆங்காங் நகரின் எம்.டி.ஆர். தொடர்வண்டிகளில் உலோகப் பூச்சுப் பலூன்களை எடுத்துச் செல்லத் தடை உள்ளது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் தெரு மின்கம்பிகளிலும் இதே சிக்கல் உண்டு. பறந்து செல்லாதபடி இவ்வகைப் பலூன்களில் எடை கட்டி விற்க வேண்டும் என்பது அங்குள்ள சட்டம். 2022 இல் இயற்றப்பட்ட மற்றொரு சட்டத்தின்படி, மின்கம்பிகளில் பழுது ஏற்படுத்தாத வகைப் பலூன்களுக்கு 2031க்குள் படிப்படியாக மாற வேண்டும்.

இவற்றையும் பார்க்க

* குறுக்குச்சுற்று
* மின்வில்
* ஹீலியம்